தேனீயைத் தெரியாதது யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் மலையகப் பக்கத்தில் வந்த குளவிக்கொட்டு கட்டுரையைப் படித்தேன். குளவிகளை இனங்கண்டு விலகிப் போகும் விழிப்புணர்வு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் போதாது, அதுவே இந்த அனர்த்தங்களுக்குக் காரணம் என்று கட்டுரையாளர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். நல்லது. அந்த வரிக்கு மேலேயே அரைப் பக்கத்துக்கு ஒரு படம். அது குளவியும் இல்லை, நம் இலங்கைத் தேனீயும் இல்லை. ஊதாப் பூவில் உட்கார்ந்திருக்கும் ஐரோப்பியத் தேனீ. பூவின் பெயர் லவண்டர் என்று பேத்தி சொன்னாள். எந்தத் தோட்டத்து மலையில் லவண்டர் பூக்கிறது என்று கட்டுரையாளர் தெரிவித்தால் நானும் ஒரு நடை போய்ப் பார்த்து வருவேன்.

நான் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களுக்குத் தெரியாதது அல்ல, இருந்தாலும் சொல்கிறேன். டர்பன்டைன் மரத்தின் உயரக் கிளைக்கு அடியில், பாறை இடுக்கில், மூடாக்கு எதுவும் இல்லாமல் ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். அடை கண்ணுக்கே தெரியாது, அதன் மேல் தேனீக்கள் அப்பிக்கொண்டிருக்கும். பெரிய குளவி கிட்ட வந்தால் அந்தக் கூட்டம் முழுவதும் அலை அலையாகச் சிலிர்க்கும். அப்படிச் சிலிர்த்தால் கூடையைப் போட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டும் என்று நேற்றுப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, வந்த பிள்ளைக்கும் தெரியும். சாம்பல் நிறத்தில், காகிதம் சுற்றியது மாதிரி மூடிய கூடு, பக்கத்தில் சின்ன வாசல் என்றால் அது குளவி. மரத்தை மென்று கூழாக்கிக் கட்டுவது. மரப் பொந்திலும் சுவர் இடுக்கிலும் அடுக்கடுக்காக அடை வைப்பது பொந்துத்தேனீ, நாம் பெட்டியில் வளர்ப்பதும் அதைத்தான். கண்டிப் பக்கம் சுவர் ஓட்டையில் மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டு கிடக்குமே கொசுத்தேனீ, அதற்குக் கொட்டவே தெரியாது. வாய்ப்பேச்சில் கொட்டுகிறதை எல்லாம் குளவி என்றுதான் நாங்களும் சொல்வோம். அதை வைத்து எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டினால் எப்படி ஐயா?

எங்கள் மலையில் ஒரு முறை கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மேல் ஒரு கூடே இறங்கியது. காலையிலேயே அவர்கள் சொன்னார்கள், அந்த மரத்தில் அடை பெருத்திருக்கிறது, அந்த நிரைகளை விட்டுவிடுவோம் என்று. நானும் மேலதிகாரியிடம் சொன்னேன். கொழுந்து முற்றிவிடும், எடுக்கச் சொல்லு என்றுதான் பதில் வந்தது. மலையை விட்டு இறங்கினால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். இதில் விழிப்புணர்வு எந்த இடத்தில் குறைந்தது என்று கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும். தோட்டத்து லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குப் போகிற வழியெல்லாம் ஒரு அக்காவின் முடிக்குள்ளிருந்து கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்தோம். ஒவ்வொன்றின் அடியிலும் விஷப்பை ஒட்டிக்கொண்டு துடித்தது. குளவி தன் கொடுக்கைத் தோலில் விட்டுவிட்டுப் போகாது, திரும்பத் திரும்பக் கொட்டும். தேனீதான் விட்டுவிட்டுச் சாகும். விட்ட கொடுக்கு விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும், அதன் வாசனைக்கு மற்றவையும் தேடி வரும். அதனால் எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். மறுநாள் உங்கள் பத்திரிகையில் மூன்று வரிச் செய்தி வந்தது. எத்தனை பேர், எந்த வைத்தியசாலை, அவ்வளவுதான். அவர்களுக்கு அன்று அரைப்பேர் போட்டது அதில் இல்லை. நான் எழுதி அனுப்பியதும் வரவில்லை.

கூட்டை அகற்றச் சொல்லி ஓர் அலுவலகத்துக்குப் போனால் தோட்டத்தைக் கேள் என்றார்கள். தோட்டத்தைக் கேட்டால் அந்த அலுவலகத்தின் வேலை என்றார்கள். கடைசியில் கையில் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள், அதுவும் சிங்களத்தில் மட்டும். சீகிரியாவில் உல்லாசப் பயணிகள் தேனீக்குத் தப்பி ஒதுங்கச் சிங்கப் பாதத்தடியில் வலைக்கூண்டு வைத்திருக்கிறார்கள். அங்கே கொட்டுவதும் இதே பம்பராதான். எங்கள் பெண்களுக்கு என்ன இருக்கிறது? இடுப்பில் கட்டிய படங்குத் துணி.

இன்னொன்று. இந்த நாட்டில் சுமார் 150 வகைத் தேனீ உண்டு. பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனியாகத் திரிபவை, மனிதரைச் சீண்டாதவை. நாங்கள் குடியிருக்கும் லய வீடுகளுக்குப் பின்னால் தக்காளியும் கத்தரியும் போட்டவர்கள் வயிற்றில் நீலக்கோடு போட்ட ஒரு தேனீயைக் கண்டிருப்பார்கள். பூவைக் கட்டிப்பிடித்து ர்ர்ர் என்று அதிர வைக்கும், மகரந்தம் அப்படியே உதிரும். பெட்டித் தேனீயால் அது முடியாது. பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. பேராதனையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. உங்கள் நிருபர் பஸ் ஏறிப் போய் ஒரு படம் எடுத்து வரக்கூடாதா? 2023இல், மலையகத் தமிழர் இங்கே வந்து இருநூறு ஆண்டு என்று, மலையகம் 200 என்ற வண்ண மலர் வெளியிட்டு எங்கள் வியர்வையைப் பக்கம் பக்கமாகப் பாராட்டினீர்களே, அதில் கொட்டு வாங்கியவர்களுக்கு ஒரு மூலை கிடைத்ததா? அட்டையில் சிரித்துக்கொண்டு கொழுந்து எடுத்த பெண்கூட நகத்துக்குச் சாயம் பூசியிருந்தாள். சரி, அந்தக் கதையை விடுவோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வருகிற ஞாயிறு அதே இடத்தில், அதே அரைப் பக்க அளவில், மலைத்தேனீ, பொந்துத்தேனீ, கொசுத்தேனீ, குளவி நான்கின் படத்தையும் அவற்றின் கூடுகளோடு, தமிழிலும் சிங்களத்திலும் பெயர் போட்டு வெளியிடுங்கள். கீழே கொடுக்கை உடனே எடுக்க வேண்டும், மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இரண்டு வரி. வெட்டி எடுத்துப் பெரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டுவதற்கு. எங்கள் பெண்கள் பார்ப்பதற்காக அல்ல, காலையில் அங்கே நின்று வேலை பிரிக்கிறவர்கள் பார்ப்பதற்கு.

பெயரைப் போட வேண்டாம். மகன் இன்னும் தோட்டத்தில்தான் வேலை செய்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர்,
ஹட்டன்.