பாய்காட், போராட்டத் தலைவர் இல்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கிலச் சொற்களின் பிறப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் 'பாய்காட்' (புறக்கணிப்பது) என்ற வினைச்சொல், அப்படியொரு போராட்டத்தை நடத்திய ஐரிஷ் தலைவரின் பெயரிலிருந்து வந்தது என்று எழுதியிருப்பது தலைகீழ். சார்லஸ் பாய்காட், ஊரே கூடி ஒதுக்கிவைத்த ஆள்.

அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு அவர் ஏஜெண்ட். நம் பழைய வழக்கில் காரியஸ்தர். 1879-இல் விளைச்சல் பொய்த்தது. குத்தகையில் 10 சதவீதம் தள்ளுபடி என்றார் பிரபு. குடியானவர்கள் 25 கேட்டார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க ஆள் கிளம்பியதும் பண்ணையாட்கள், வீட்டு வேலைக்காரர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பக்கத்து ஊரான பாலின்ரோப்பின் கடைகளிலும் அவருக்குச் சாமான் கிடையாது. வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுப்பவனோடு கடையில், சந்தையில், கோயிலில்கூடப் பேசாதீர்கள் என்று ஐரிஷ் குடியானவர் இயக்கத் தலைவர் பார்னெல் அயர்லாந்தின் என்னிஸ் நகரில் முழங்கிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

சரி, இதை என்னவென்று சொல்வது? அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத்துக்கு 'ஆஸ்ட்ரசிசம்' (ஒதுக்கிவைத்தல்) என்ற கிரேக்க வழிச் சொல்தான் தோன்றியது. அது குடியானவர்களுக்குப் புரியாது, பேசாமல் 'பாய்காட் பண்ணுவது' என்று வைத்துக்கொள்ளலாமே என்றாராம் உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓ'மாலி. ரெட்பாத்தே எழுதிவைத்த செய்தி இது.

சொல் பரவியதில் பாய்காட்டுக்கும் பங்குண்டு. அக்டோபரில் தன் கஷ்டத்தையெல்லாம் விவரித்து லண்டன் டைம்ஸ் ஆசிரியருக்குக் கடிதம் போட்டார். (எங்களைப் போன்ற கடித எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டிய இடம்!) அதைப் படித்துக் கொதித்தவர்கள் ஏற்பாடு செய்ய, அயர்லாந்தின் வடக்கே உள்ள அல்ஸ்டரிலிருந்து 50 ஆட்கள் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களும் போலீசும். சுமார் 500 பவுண்டு பெறும் பயிரைக் காப்பாற்ற 10,000 பவுண்டு வரை செலவானதாகச் சொல்வார்கள். நவம்பரில் அதே டைம்ஸ் அவர் பெயரை வினைச்சொல்லாகவே அச்சடித்தது. டிசம்பர் முதல் தேதி மனிதர் அயர்லாந்தை விட்டே கிளம்பிவிட்டார்.

1905-இல் கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியச் சரக்குகளை பாய்காட் செய்யத் தீர்மானம் போட்டபோது அந்தச் சொல்லுக்கு வயது 25தான். பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகள் அதற்குள் அதை எடுத்துக்கொண்டிருந்தன.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருநெல்வேலி