கதவு மேல் ஓடிய ரயில்: உதவிய எல்லாருக்கும் நன்றி

மொரிஷியஸ் ரோஸ் பெல் சுற்றுவட்டாரத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

வருஷப் பிறப்பன்று கோயில் மண்டபத்தில் நம் சின்ன மாதிரி ரயில் ஓடியதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு செலவு, வாத்தியாரே?" 6,850 ரூபாய் என்றேன். யாரும் நம்பவில்லை. நம்ப வேண்டியதும் இல்லை. அந்தக் கணக்கில் ஏறாதவை யார் யார் வீட்டிலிருந்து வந்தன என்பதை எழுதத்தான் இந்த மடல். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வீர்கள். படித்தால் யாரென்று உங்களுக்கே தெரியும்.

முதலில், ரயிலுக்கு மேடையாகப் படுக்க வைத்த கதவு. பழைய வீட்டை இடித்தபோது வாசலில் சாத்தி வைத்திருந்த பிளைவுட் கதவை, "எடுத்துக்கிட்டுப் போ, இடம் அடைக்குது" என்று தந்த பெரியப்பாவுக்கு நன்றி. அகலம் 81 சென்டிமீட்டர். எனக்குக் கிடைத்த தண்டவாளத்தில் மிகக் குறுகிய வளைவின் ஆரம் 371 மில்லிமீட்டர். திரும்பி வர முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் கூட வேண்டும். ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர்கூட மிஞ்சவில்லை. மூன்றாம் நாளே எஞ்சின் தரையில் விழுந்து புகைபோக்கி உடைந்தது. சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்குப் பலகை அடித்துக் கொடுத்த தச்சர் அண்ணன் கூலி வாங்கவில்லை. ஒரு தேநீர் மட்டும் குடித்தார்.

தண்டவாளமும் எஞ்சினும் லண்டன் கிராய்டனில் இருக்கும் தங்கை மகன் கொண்டுவந்தவை. பழசாகக் கிடைத்ததை வாங்கி, தன் துணிமணியைக் குறைத்து, பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்தான். மேலே சொன்ன செலவில் பெரும் பங்கு அதற்குத்தான். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் பழைய மொரிஷியஸ் அரசு ரயில்வேயின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 16.5. உலகம் முழுக்க மலிவாகக் கிடைக்கும் எச்.ஓ. (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு மாதிரி ரயில்) தண்டவாளம் அதே 16.5 மில்லிமீட்டர். பக்கத்து ரியூனியன் தீவில் ஓடியது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். அங்கே பிறந்திருந்தால் என் பாடு திண்டாட்டம்தான்.

பாதை ஓடியது, ஆனால் மேட்டில் ஏறவில்லை. நிஜப் பாதையே போர்ட் லூயிஸ் கடற்கரையிலிருந்து கியூர்பிப்புக்குச் சுமார் 550 மீட்டர் ஏறியது. அதற்காகத்தான் 1927-இல் மான்செஸ்டரிலிருந்து காரட் என்னும் கனமான இரட்டைச் சக்கரத் தொகுதி எஞ்சின்களை வரவழைத்தார்கள். என்னிடம் இருந்ததோ ஆறு சக்கரக் குட்டி எஞ்சின். ஆசையில் 90 சென்டிமீட்டருக்குள் ஆறு சென்டிமீட்டர் ஏற்றிவிட்டேன்; மூன்று பெட்டியோடு சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. மாஹேபூர் மீனவர் மாமா வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒரு கைப்பிடி கொண்டுவந்து தந்தார். அதைத் தட்டி எஞ்சினுக்குள் அடைத்தேன், ஏற்றத்தையும் பாதியாகக் குறைத்தேன். ஏறிவிட்டது. மாமா அப்போதும் பேசவில்லை, சிரித்தார்.

தூரத்து வளைவில் வண்டி சோர்ந்து நின்றதற்குக் காரணம் தண்டவாள இணைப்புகளில் மின்சாரம் தேய்ந்துபோவதுதான் என்று கண்டுபிடித்தவர் டிவி ரிப்பேர் தம்பி. மீட்டருக்கு ஒரு ஜோடி ஒயர் வைத்து அடியிலிருந்து பற்றவைத்துக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று அவருக்கு.

மலையைப் பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும் கொண்டு பிள்ளைகள் கட்டினார்கள். ஒரே வாரத்தில் எறும்பு புற்று வைக்காத குறை. பசையில் துளி மயில்துத்தம் கலக்க வேண்டும் என்று சொன்ன புத்தகம் கட்டும் தாத்தாவுக்கு நன்றி. (மயில்துத்தம் விஷம். அதன்பிறகு பிள்ளைகளைப் பசையில் கைவைக்க விடவில்லை.) கரும்புத் தோட்டம், பச்சை பிளாஸ்டிக் துடைப்பத்தை மூன்று சென்டிமீட்டராக நறுக்கி நட்டது. ஜல்லி, கல் உடைக்கும் இடத்துக் கருங்கல் தூளைச் சலித்தது. சலித்தது என் மனைவியின் தேநீர் வடிகட்டியில். அவருக்கு நன்றியும் மன்னிப்பும், புது வடிகட்டியும்.

பெட்டிகளின் நிறத்தில்தான் பெரிய சண்டை. பயணிகள் ரயில் 1956-இல் நின்றபோது தாந்தினுக்கு (அத்தைக்கு) பதின்மூன்று வயது. அவர் செங்கல் நிறம் என்றார். அவர் அண்ணன் பச்சை என்றார். இரண்டு பேரும் ஒரே வண்டியில், ஒரே பெஞ்சில் போனவர்கள்! ஆவணம் தேடி யாரையும் தோற்கடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்றைச் செங்கல் நிறத்திலும் ஒன்றைப் பச்சையிலும் அடித்தேன். மூன்றாவது இன்னும் வெறும் பெட்டி. தலையில் வைத்த மல்லிகையில் கரித்தூள் படியும், இறங்கியதும் அம்மா உதறிவிடுவார் என்று தாந்தின் சொன்னார். அதை எந்த அளவிலும் செய்து வைக்க முடியாது.

மின்சாரத்தில் ஓடும் மெட்ரோவை மட்டுமே அறிந்த ஒரு குழந்தை, "மேலே கம்பி எங்கே, சார்?" என்று கேட்டது. 1864-இல் நம் முதல் ரயில் கரியில் ஓடியது என்றேன். அவள் நம்பாமல் எஞ்சினை முகர்ந்து பார்த்தாள்.

அன்று ஏழு கறி சமைத்துப் பரிமாறிய பெண்களுக்கும், மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில் நிர்வாகத்துக்கும், கதவைப் படியேற்றிய நான்கு இளைஞர்களுக்கும் நன்றி. இறக்கும்போது இரண்டே பேர்தான் இருந்தீர்கள், அதுவும் நினைவிருக்கிறது.

இன்னும் என்னிடம் இருப்பவை: பற்றவைக்கும் கோல் ஒன்று, சிறிய ரம்பம் ஒன்று, யாருடையது என்றே தெரியாத ஸ்குரூடிரைவர் மூன்று. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வண்டி ஓடும். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.