எத்தனை மணித்தியாலம் என்று மட்டும் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளின் போன் பழக்கம் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லாரும் வாசித்தார்கள். வாசித்த கையோடு என் ஒன்றுவிட்ட தம்பியின் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவன் இந்த முறை உயர்தரப் பரீட்சை எழுதுகிறான். ரியூசன் நோட்ஸ் எல்லாம் அந்த போனுக்குத்தான் வரும். இரண்டு நாள் வீட்டில் ஒரே சண்டை.

நான் தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியல் படிக்கும் மாணவி. சமூக ஊடகப் பாவனைக்கும் பதகளிப்புக்கும் (மனம் ஓயாமல் பயந்து பதறும் நிலைக்கும்) என்ன தொடர்பு என்பதே என் ஆய்வு. அதற்காக ஊருக்கு வந்து, வினாக்கொத்தோடு யாழ்ப்பாணத்து வலிகாமம் பக்கம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வேலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது. அதனால் என் முடிவு என்று எதையும் இங்கே எழுதமாட்டேன், பங்குபற்றியவர்கள் சொன்னதையும் எழுதமாட்டேன். ஆனால் அந்தக் கட்டுரையில் இருந்த ஒரு வரி என்னை விடாமல் உறுத்துகிறது. ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் சமூக ஊடகம் பார்க்கும் பிள்ளைக்கு மனநோய் வரும் என்ற வரி.

அந்த மூன்று மணித்தியாலக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2023 மே மாதம் அமெரிக்காவின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவர் வெளியிட்ட எச்சரிக்கையில் அது இருக்கிறது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பார்க்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதகளிப்பு போன்ற பிரச்சினைகள் வரும் ஆபத்து இரண்டு மடங்கு என்றார்கள். ஆபத்து கூடுகிறது என்பது ஒன்று, வந்தே தீரும் என்பது வேறு. அதுவும் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்த கணக்கு. மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். 2019இல் ஏமி ஓர்பென், அன்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சேகரித்த மூன்று பெரிய தரவுத் தொகுப்புகளை எடுத்து, மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விடைகளைப் பார்த்தார்கள். பிள்ளைக்குப் பிள்ளை மனநலம் வேறுபடுவதில் 0.4 வீதத்தை மட்டுமே டிஜிட்டல் கருவிப் பாவனையால் விளக்க முடிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எனக்கு, போன் ஒன்றும் செய்யாது என்று சொல்லத் துணிவில்லை. நேரத்தை எண்ணினால் போதும் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

ஏனென்றால் நேரம் என்பதே பிடிபடாத ஒன்று. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்று கேட்டால் ஆட்கள் சொல்லும் கணக்கும் அவர்களின் போனே காட்டும் கணக்கும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. இது உலகம் முழுக்க ஆய்வாளர்கள் முட்டிக்கொள்ளும் சிக்கல். சரி, சரியான கணக்கே கிடைத்துவிட்டது என்று வைப்போம். பதகளிப்பு உள்ள பிள்ளைதான் யாரோடும் கதைக்கப் பயந்து போனுக்குள் ஒதுங்குகிறதா, போனால் பதகளிப்பு வந்ததா என்பதை ஒரே ஒரு நாள் நிரப்பிய படிவம் சொல்லாது.

இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் என் சின்னம்மா. அவரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

பதகளிப்பை அளக்க உலகம் முழுக்கப் பாவிக்கும் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு சிறிய வினாக்கொத்து இருக்கிறது. 2006இல் வெளியானது. கடந்த இரண்டு கிழமையில் இப்படி இருந்ததா என்று கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போடுவார்கள். மொத்தம் 21. களத்துக்குப் போகமுன் எங்கள் ஆட்களுக்குத் தமிழ் விளங்குகிறதா என்று பார்க்கச் சின்னம்மாவிடம் வாசித்தேன். 'கவலைப்படுவதை நிறுத்த முடியாமல் இருந்ததா?' என்று கேட்டேன். "எனக்கென்ன கவலை, பிள்ளையள் நல்லா இருக்கினம்" என்றார். புள்ளி 0. அப்புறம் 'கவலை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'யோசனை' என்று மாற்றிக் கேட்டேன். "யோசினை இல்லாமலோ? ஒவ்வொரு நாளும் யோசினைதான் பிள்ளை" என்றார். புள்ளி 3. யாழ்ப்பாணத்தில் யோசனை என்றால் மனதை அரிக்கும் கவலை என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "கனக்க யோசியாதை" என்று சொல்லாத வீடு இங்கே உண்டா? தெரிந்தும் புத்தகத் தமிழையே கொண்டுபோய் நீட்டியிருந்தேன். ஏழாவது கேள்வி, ஏதோ பயங்கரமானது நடக்கப்போவதுபோலப் பயம் இருந்ததா என்பது. அதற்குச் சின்னம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நடந்து முடிஞ்சதைத்தானே கேக்கிறாய்?" என்றார். அந்த விடைக்கு எத்தனை புள்ளி போடுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

போன் பாவனைக் கேள்விகளுக்கு வந்தோம். சின்னம்மாவுக்கு பேஸ்புக் இல்லை, டிக்டொக் இல்லை. வட்ஸ்அப் மட்டும்தான். எல்லாம் கூட்டினாலும் நாளைக்கு அரை மணித்தியாலம் வராது. அந்தக் கட்டுரையின் கணக்கில் அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் ஒரு பகுதி விடியப்புறம் இரண்டரை மணிக்கு. மகன் ரொறன்ரோவில். கோடை காலத்தில் அங்கே மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் இங்கே இரண்டரை. சின்னம்மா அலாரம் இல்லாமலே எழும்புவார். மகனின் லாஸ்ட் சீன் எத்தனை மணி என்று பார்ப்பார். ஒன்லைனில் வந்திருந்தால் படுப்பார். வரவில்லை என்றால் பத்து நிமிடத்துக்கொருதரம் பார்ப்பார், நெஞ்சு படபடக்கும், விளக்கைப் போட்டுவிட்டுக் குந்தியிருப்பார். "ஒரு சொல்லும் அனுப்பத் தேவையில்லை, அந்த நேரத்தைக் கண்டால் காணும்" என்றார்.

நாங்கள் வகுப்பில் இதற்குப் பாதுகாப்பு நடத்தை என்று பெயர் படித்திருக்கிறோம். ஒருமுறை பார்த்தவுடன் பதகளிப்பு சட்டென்று இறங்குகிறது. அந்த ஆறுதல்தான் பொறி. பார்த்ததால்தான் நிம்மதி வந்தது என்று மூளை பழகிக்கொள்கிறது. அடுத்தநாள் இன்னும் கொஞ்சம் முந்தியே பார்க்கச் சொல்கிறது. பார்க்காமல் இருந்தாலும் அந்தப் படபடப்பு தானாகவே அடங்கியிருக்கும் என்பதைக் கண்டறியும் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை.

ஆனால் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றும் இதில் இருக்கிறது. 1990 ஆனியில் போரால் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தொலைபேசியும் இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறதா என்று அறிய மாதக்கணக்கில் செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவரும் கடிதத்துக்குக் காத்திருந்த சனம் நாங்கள். 1995 ஐப்பசி கடைசியில் ஒரே இரவில் ஊர்விட்டு நடந்தபோது, யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிய எத்தனை நாள் சென்றது என்பதைச் சின்னம்மா இன்றைக்கும் நாள் கணக்காகச் சொல்லுவார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்னும் காத்திருக்கிறார்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வேலை செய்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இந்தக் காயத்தைத் தனி ஆளுடையதாகப் பார்க்காமல் சமூகம் முழுக்கப் பட்ட மனவடுவாக எழுதியிருக்கிறார். தகவல் வராமல் இருந்தால் கெட்டது நடந்துவிட்டது என்று பழகிய ஒரு சனத்தின் கையில், ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது உயிரோடு இருந்தார் என்று நிமிடக் கணக்கில் காட்டும் கருவியைக் கொடுத்தால் என்ன நடக்கும்? அமெரிக்கக் கணக்கு இதைச் சொல்லாது. நாங்கள்தான் கேட்டு எழுதவேண்டும்.

இளம் பிள்ளைகள் பற்றியும் ஒரு சொல். உயர்தர முடிவு வந்த அன்று நான் படித்த ரியூசன் நிலையம் மூன்று ஏ எடுத்தவர்களின் படங்களை பேஸ்புக்கில் ஒவ்வொன்றாகப் போட்டது. என் படம் அதில் இல்லை. நான் அன்று இரவு அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பித் திறந்து, கீழே வாழ்த்துச் சொன்னவர்களின் பெயர்களைக்கூட வாசித்தேன். ஆட்கள் தங்களைப் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டே அளக்கிறார்கள் என்று லியோன் பெஸ்டிங்கர் 1954இலேயே எழுதிவிட்டார். அப்போது பக்கத்தில் இருப்பவர் என்றால் ஒரு வகுப்பு, ஒரு தெரு. அன்று எனக்கு முழு மாவட்டமும் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு இருபது நிமிடம்கூடப் போயிருக்காது.

அதனால் பெற்றோரிடம் கேட்பது இதுதான். எத்தனை மணித்தியாலம் என்பதோடு நிற்காமல், எதைப் பார்த்தாய், பார்த்து முடிய மனம் எப்படி இருந்தது, நித்திரை வந்ததா என்று கேளுங்கள். போனைப் பறித்துப் பூட்டினால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல பிள்ளை வராது. இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே இருப்பது நல்லது. அதை வீட்டில் பெரியவர்களும் செய்தால்தான் பிள்ளை செய்யும்.

இன்னொன்று என் வேலைக்காக. படிவம் நிரப்பும்போது அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்து, "அப்பிடி ஒண்டும் இல்லை எண்டு போடு" என்று சொல்லவேண்டாம். படிவத்தில் பெயர் இல்லை. பாடசாலைக்கோ ரியூசனுக்கோ போகாது. புள்ளி பத்தோ அதற்கு மேலோ வந்தால் விசர் என்று அர்த்தமில்லை. ஒருவரோடு இருந்து ஆறுதலாகக் கதைத்துப் பார்க்கவேண்டும் என்பது மட்டும்தான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம். இந்த இலக்கத்தை இப்படியான கட்டுரைகளின் கீழே நீங்களும் ஒவ்வொரு முறையும் போட்டால் நல்லது, ஆசிரியர் அவர்களே.

சின்னம்மாவும் மகனும் கதைத்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வீடு வந்ததும் அவர் ஒரு குரல் பதிவு அனுப்பிவிடுவார், சின்னம்மா அதை விடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் கேட்பார். மூன்று கிழமை ஆகிறது. சில இரவுகளில் முடிகிறது. முடியாத இரவுகளில் என்னையும் எழுப்புகிறார். இருவருமாகக் குந்தியிருந்து, போனைத் தொடாமல் எவ்வளவு நேரம் போகிறது என்று பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி ஒருத்தி,
கோண்டாவில்.