பிஜியில் இருக்கும் கதிருக்கு

அன்புள்ள கதிர்,

"பெயரைப் பார்த்தால் முனுசாமி, வாயைத் திறந்தால் இந்தி" என்று வாட்ஸ்அப்பில் அலுத்துக்கொண்டிருந்தாய். அங்கே உள்ள நம்மவர்களைக் குறை சொல்லாதே; கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை இந்தியாவிலிருந்து ஏற்றிப்போன கப்பல்கள் வந்த வரிசை அப்படி. முதல் கப்பல் லியோனிடாஸ், 1879 மே மாதம், கல்கத்தாவிலிருந்து வந்தது. சென்னையில் ஆள் ஏற்றத் தொடங்கியதே 1903-இல்தான். அதற்குள் கரும்புத் தோட்டங்களில் இந்தி ஊன்றிவிட்டது. 1916 வரை போன அறுபதாயிரத்துச் சொச்சம் பேரில் நம் பக்கத்து ஆட்கள் கால்வாசிதான். அதிலும் தமிழ், தெலுங்கு, மலையாளம் எல்லாம் கலந்து.

அவர்கள் இருந்த லைன் வீட்டில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில், ஓர் அறை பத்தடிக்கு ஏழடி. அதில் தனி ஆண்கள் மூன்று பேர், இல்லையென்றால் ஒரு குடும்பம். தடுப்பு கூரைவரை போகாது. பக்கத்து அறைப் புகையும் இருமலும் சண்டையும் இங்கே வந்துவிடும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று கணக்கு வைத்து ஏற்றினார்கள். அந்தப் பெண்கள் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இதை மட்டும் கேட்டுவிட்டு, "நிலமெல்லாம் பிஜிக்காரர்கள் கையில்" என்று நீயும் முணுமுணுக்காதே. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அந்தப் பூர்வகுடிகளின் குலச்சொத்து என்பது உண்மை. விற்க முடியாது, குத்தகைக்குத்தான் கிடைக்கும். ஏன் தெரியுமா? 1874-இல் தீவுகள் பிரிட்டன் கைக்குப் போயின. மறுவருடமே, சிட்னிக்குப் போய்த் திரும்பிய தலைவர் தக்கோம்பாவின் கப்பலோடு தட்டம்மையும் வந்து இறங்கியது. ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் செத்தார்கள். மிஞ்சியவர்களையும் தோட்ட வேலைக்கு இழுத்தால் இனமே அழிந்துவிடும் என்று பயந்த கவர்னர் ஆர்தர் கார்டன் அதையும் தடுத்தார், நில விற்பனையையும் தடுத்தார். அப்படியானால் தோட்டத்துக்கு ஆள்? அவர் ஏற்கெனவே டிரினிடாடிலும் மொரீஷியஸிலும் கவர்னராக இருந்தவர், இந்தியாவைக் கைகாட்டினார். அவர்கள் நிலம் தப்பியதும் நம்மவர்கள் கப்பல் ஏறியதும் ஒரே ஆளின் யோசனையில்தான். குத்தகை முடிந்து கரும்புக் காட்டைவிட்டு வெளியேறியவர்கள், 1987 இராணுவப் புரட்சிக்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனவர்கள் கதையெல்லாம் கேட்கும்போது இதையும் நினைத்துக்கொள்.

சுவாவில் துணி காயவே இல்லை என்கிறாய். தென்கிழக்குக் காற்று மழையை உங்கள் பக்கம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டும்போது வறண்டுவிடுகிறது. கரும்பும் லவுடோக்கா சர்க்கரை ஆலையும் மேற்கே இருப்பது அதனால்தான். லீவு கிடைத்தால் அந்தப் பக்கம் நாடி என்ற ஊருக்குப் போய்க் கோயிலில் முருகனைப் பார். தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் 1926-இல் தொடங்கியதும் அந்த ஊரில்தான். வயதானவர்கள் யாராவது இருந்தால் உட்கார்ந்து பேசு, இந்தியில் என்றாலும் சரி.

அப்புறம், கிராமத்துக்கு யாராவது கூப்பிட்டால் வெறுங்கையோடு போகாதே. சந்தையில் யங்கோனா (காவா) வேர்க்கட்டு வாங்கிப் போ; அதை இடித்துத் தண்ணீரில் கரைத்துத்தான் குடிக்கக் கொடுப்பார்கள். தொப்பியைக் கழற்றிவிடு. சிரட்டையை நீட்டினால் ஒருமுறை கைதட்டி, "புலா" சொல்லி, ஒரே மடக்கில் குடி. முடித்ததும் மூன்று தட்டு. நாக்கு மரத்துப்போனால் பயப்படாதே, அது அப்படித்தான் இருக்குமாம்.

அம்மா