மே 5 அன்று நாங்கள் எங்கே நிற்கிறோம்? – கனடாவிலுள்ள தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவில் இயங்கும் தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஆண்டும் மே 18க்காக நீங்கள் எவ்வளவு உழைக்கிறீர்கள் என்பதைப் பார்த்து வருகிறேன். 2022இல் கனேடிய நாடாளுமன்றம் அந்த நாளைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றதில் அந்த உழைப்புக்குப் பெரிய பங்குண்டு. அதே மாதம் 5ஆம் திகதி, காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களுக்காக நாடெங்கும் சிவப்பு உடைகளைத் தொங்கவிடுகிறார்கள். அங்கே எங்கள் பதாகைகளை நான் காண்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1980 முதல் 2012 வரை கொல்லப்பட்ட அல்லது காணாமல் போன பூர்வகுடிப் பெண்கள் 1,181 பேர் என்று 2014இல் மத்திய பொலிஸே சொன்னது. நாட்டின் பெண்களில் அவர்கள் 4.3 வீதம்தான். கொலையுண்ட பெண்களில் 16 வீதம்.

எங்கள் வீடுகளில் இந்தப் பேச்சு வந்தால், "குடிதான் காரணம், அவர்களுக்குள்ளேயே நடக்கிற விஷயம்" என்று முடித்துவிடுகிறோம். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படிச் சொல்பவர்கள் 1876இல் வந்த 'இந்தியன் ஆக்ட்' சட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். பூர்வகுடி அல்லாத ஒருவரை மணந்த பெண், தன் பூர்வகுடித் தகுதியை, அதாவது பூர்வகுடி என்று அரசு ஏற்கும் சட்ட அந்தஸ்தை, இழந்தாள். தகுதி போனால் ரிசர்வில், அதாவது பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலத்தில், வாழும் உரிமையும் போய்விடும். வெளியே மணந்த ஆணுக்கு ஒரு இழப்பும் இல்லை. அவன் மனைவிக்கும் தகுதி கிடைத்தது. ஊர்ச் சபைத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புருஷன் அடித்தால் திரும்பிப் போக ஒரு வீடில்லாத நிலையில் பெண்களை வைத்தது இந்தச் சட்டம்.

நியூ பிரன்சுவிக்கைச் சேர்ந்த சாண்ட்ரா லவ்லேஸ், மணம் முறிந்தபின் தன் ஊரில் வாழும் உரிமைக்காக ஐ.நா. வரை போனார். 1981இல் மனித உரிமைக் குழு கனடாவின் மீது குற்றம் கண்டது. 1985இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அந்தத் திருத்தமே 'இரண்டாம் தலைமுறை வெட்டு' என்ற இன்னொரு வெட்டை வைத்தது. தகுதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பிறந்த பிள்ளைக்குத் தகுதி உண்டு. அந்தப் பிள்ளையும் தகுதியில்லாதவரோடு குடும்பம் நடத்தினால் பேரப்பிள்ளைக்கு இல்லை. ஒரு பெண் யாரோடு வாழ்கிறாள் என்பதை வைத்து அவள் வழி வந்தவர்கள் யார் என்று ஒட்டாவா முடிவு செய்கிற வழக்கம் அப்படியே இருக்கிறது.

அப்புறம், பிள்ளைகள். பூர்வகுடிப் பிள்ளைகள் சுமார் 150,000 பேரைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தங்கிப் படிக்க வைக்கும் வதிவிடப் பாடசாலைகளில் அடைத்தார்கள். கொடுக்க மறுத்த பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிடித்துப் போகப் பொலிஸ் வந்தது. பிள்ளையைப் பிடித்துப்போன பொலிஸிடமே போய் மகளைக் காணவில்லை என்று ஒரு தாய் எப்படிச் சொல்வாள்? சொன்ன தாய்மாருக்கும், "எங்கேயாவது போயிருப்பாள், வந்துவிடுவாள்" என்ற பதில்தான். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 2017 முதல் தெருவோரம் இருந்து போராடும் தாய்மாரைத் தெரிந்த எங்களுக்கு இது விளங்காதா?

பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிரின்ஸ் ஜோர்ஜிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட் வரை ஓடும் 16ஆம் இலக்க வீதியைக் கண்ணீர் நெடுஞ்சாலை என்கிறார்கள். பஸ் இல்லாமல் கைகாட்டி வாகனம் ஏறிய பெண்கள் சிலர் வீடு திரும்பவேயில்லை. பஸ் விடுங்கள் என்று 2006இலேயே கேட்டார்கள். அது ஓட 2017 ஆனது. ஒரு பஸ்ஸுக்கு 11 வருடங்கள்.

2019இல் இந்தப் பெண்களைப் பற்றி விசாரித்த தேசிய விசாரணை ஆணையம் 231 நீதிக்கான அழைப்புகளை வெளியிட்டு, நடந்ததை இனப்படுகொலை என்றது. எங்களுக்கு நடந்ததை அப்படி ஏற்கச் சொல்லி இந்த நாட்டிடம் கேட்டவர்கள் நாங்கள். இந்த மண்ணில் நடந்ததைப் பற்றி மௌனமாக இருக்க எங்களால் முடியாது, கூடாது. 2023இல் பூர்வகுடி உறவுகளுக்கான அமைச்சரானவரே ஒரு தமிழர், கரி ஆனந்தசங்கரி. ஒட்டாவாவில் எங்கள் குரல் எடுபடாது என்றும் சொல்ல முடியாது.

விழா மேடையில், இது பூர்வகுடிகளின் நிலம் என்று சொல்லும் நில அங்கீகார வாசகத்தை வாசித்துவிட்டு நடனத்துக்குப் போவது போதாது. உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை எடுங்கள். மே 5 நிகழ்வை நடத்தும் பூர்வகுடிப் பெண்கள் அமைப்புகளைத் தொடர்புகொண்டு, எங்களிடம் என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள்; அவர்கள் சொல்வதைச் செய்வோம். இரண்டாம் தலைமுறை வெட்டை முழுதாக நீக்கச் சொல்லி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு அமைப்பின் பெயரில் எழுதுங்கள். கடிதத்தை எழுதவும், கையெழுத்துச் சேர்க்க வீடு வீடாகப் போகவும் நான் வருகிறேன்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்களில் ஒருத்தி