ஃபைன் என்று நீ எழுதும் பதில்

அன்பு மகளுக்கு,

நான் எதைக் கேட்டாலும் "ஃபைன்" என்ற ஒற்றைச் சொல்லே உன்னிடமிருந்து பதிலாக வருகிறது. வேலை எப்படி என்றால் ஃபைன், உடம்பு எப்படி என்றால் ஃபைன், போன மாதம் நீ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திய விஷயம் என்ன ஆயிற்று என்றால் அதுவும் ஃபைன். இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் சொல் எங்கிருந்து வந்ததென்று அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதன் வேர் 'ஃபினிஸ்' என்ற லத்தீன் சொல். முடிவு, எல்லை என்று பொருள். ஒரு பொருள் தன் உச்ச எல்லையைத் தொட்டுவிட்டது, இனி மெருகேற்ற இடமில்லை என்ற கருத்தில் பழைய பிரெஞ்சு மொழியில் அது உயர்தரத்தைக் குறித்தது; அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, சன்னமான நூலுக்கும் தெளிந்த வானிலைக்கும், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்று மாற்றுப் பார்க்கும் 'ஃபைன்னஸ்' கணக்குக்கும் பரவியது. அபராதமும் அதே வேரில் முளைத்ததுதான், ஏனெனில் அது விவகாரத்தை முடித்துக்கொள்ளக் கொடுத்த பணம். ஃபைனான்ஸ் என்பதும் கடனைத் தீர்த்து முடிப்பதிலிருந்து புறப்பட்டதே. இசைக் குறிப்பில் அதே எழுத்துகளை இத்தாலிய உச்சரிப்பில் 'ஃபீனே' என்று படிக்க வேண்டும், பாட்டு அங்கே முடிகிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீதான். அப்போது உனக்கு என்னிடம் பேச நேரம் இருந்தது.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது வேறொன்று. இங்கிலாந்தில் நிலத்தைக் கைமாற்ற விரும்பியவர்கள் பெயருக்கு ஒரு வழக்கைத் தொடுத்து, நீதிமன்றத்தில் சமரசமானதாகப் பத்திரம் எழுதிக்கொள்வார்கள். அதற்கும் ஃபைன் என்றே பெயர். 1195 முதல் அதை ஒரே தோலில் மூன்று பிரதிகளாக எழுதி, வளைந்து வளைந்து போகும் கோட்டில் வெட்டி, இரண்டை இரு தரப்புக்கும் கொடுத்துவிட்டு, அடியிலிருந்த மூன்றாவதை அரசு வைத்துக்கொண்டது. பின்னாளில் யாரேனும் போலிப் பத்திரம் கொண்டுவந்தால் வெட்டு பொருந்தாது. 1833-இல் வந்த சட்டம்தான் அந்த முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இல்லாத சண்டையை முடிந்ததாக எழுதிக்கொண்டவர்கள் அவர்கள். முடியாத சண்டையை முடிந்ததாக எழுதுகிறவள் நீ என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் திருத்து.

யாரிடமும் கைநீட்டாமல் நீ வளர்ந்து நின்றதை நான் சொல்லிக்கொள்ளாத ஆள் இல்லை. அதற்காகப் பெற்றவர்களிடமும் ஒரு சொல்லில் கணக்கு முடிக்க வேண்டுமா? அவர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. இரவில் தூங்குகிறாயா, பக்கத்தில் பேச யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் எழுது. நான்கு வரி போதும், எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. எழுத மனமில்லையென்றால் புறப்பட்டு வா, காரணம் கேட்க மாட்டோம். நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பியைக் கோபித்துக்கொள்ளாதே. அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவிடம்தான் சொன்னான்.

அன்புடன்,
அப்பா