டயக்னோசிஸ் எழுதுற இடத்துல பொய் எழுத மறுத்தவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல சோஷியல் ஒர்க்கரா இருக்கேன். இந்த மடல் போய்ச் சேர வேண்டியவங்கள்ல நிறையப் பேர் இப்ப உயிரோட இல்ல, மத்தவங்களுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் பட்ட கடனை நாலு பேர் முன்னாடி சொல்லிடணும், அதான் எழுதுறேன்.

சோவியத் யூனியன்ல 60, 70கள்ல அரசாங்கத்தை எதிர்த்துப் பேசினவங்கள கோர்ட்டுல நிறுத்தினா அங்கயும் பேசுவாங்கன்னு, புத்தி சரியில்லன்னு எழுதி உள்துறை அமைச்சகம் நடத்தின ஸ்பெஷல் மனநல ஆஸ்பத்திரிகள்ல அடைச்சு வச்சாங்க. ஜெயில்னா விடுதலைக்கு ஒரு தேதி இருக்கும். இங்க அது கிடையாது, டாக்டர் குணமாயிடுச்சுன்னு எழுதினாத்தான் வெளிய வரலாம், அவர் எழுதணும்னா நான் பேசினதெல்லாம் நோயால பேசினதுதான்னு நாமளே ஒத்துக்கணும். மாஸ்கோவுல ஸ்னெஷ்னெவ்ஸ்கின்னு பெரிய பேராசிரியர், அவரும் அவரோட ஆளுங்களும் மெதுவா வளர்ற ஸ்கிசோஃப்ரினியான்னு ஒரு டயக்னோசிஸ் வச்சிருந்தாங்க, காதுல குரல் கேக்கணும்னு இல்ல, வேலை குடும்பம் எல்லாம் ஒழுங்கா நடந்தாலும் நோய் இருக்குன்னு சொல்லலாம், சமூகத்தைத் திருத்தியே ஆகணும்ங்கிற பிடிவாதமே அவங்களுக்கு ஒரு அறிகுறி.

முதல் நன்றி தாஷ்கண்ட் டாக்டர்களுக்கு. ஜெனரல் கிரிகொரென்கோ ரெண்டாம் உலகப்போர்ல சண்டை போட்டவர், ஸ்டாலின் 1944ல ஊரோட பேர்த்து நாடு கடத்தின கிரிமிய தாத்தார் மக்களைச் சொந்த மண்ணுக்குத் திரும்ப விடுங்கன்னு கேட்டவர். அவரை 1969ல தாஷ்கண்ட்ல அரெஸ்ட் பண்ணி பரிசோதனைக்கு அனுப்பினப்போ பேராசிரியர் டெட்டென்கோஃப் தலைமையிலான குழு இவருக்கு மனநோய் இல்லன்னு எழுதிக் கொடுத்துச்சு. மேலிடம் என்ன எதிர்பாக்குதுன்னு அவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். தினமும் ரிப்போர்ட் எழுதுற இடத்துல உக்காந்திருக்கிறதால சொல்றேன், அந்த நேரத்துல பேனாவைச் சரியான பக்கம் நகர்த்துறது சாதாரண விஷயம் இல்ல. அப்புறம் மாஸ்கோவுல, கோர்ட்டு வழக்குகளுக்கு மனநலப் பரிசோதனை பண்ற செர்ப்ஸ்கி இன்ஸ்டிட்யூட் அதைத் தலைகீழா மாத்தி, அவரை செர்ன்யகோவ்ஸ்க் ஸ்பெஷல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க, 1974லதான் வெளிய விட்டாங்க. கோர்ட்டுல அவருக்காக வாதாடின வக்கீல் சோஃபியா கலிஸ்ட்ராட்டோவா அம்மாவுக்கும் என் வணக்கம்.

டாக்டர் செமியோன் க்ளுஸ்மன் சார், உங்களுக்கு அப்ப 25 வயசு, கியவ்ல இப்பத்தான் மனநல மருத்துவம் படிச்சு முடிச்ச பையன். ஜெனரலை நேர்ல பாக்கக்கூட முடியாம, கிடைச்ச ஆவணங்களை வச்சே செர்ப்ஸ்கியோட முடிவு தப்புன்னு 1971ல ஒரு மாற்று ரிப்போர்ட் எழுதினீங்க. அதுக்குப் பலனா 7 வருஷம் லேபர் கேம்ப், 3 வருஷம் உள்நாட்டுலயே தூர ஊருக்கு நாடுகடத்தல். கேம்ப்லயும் சும்மா இருக்கலயே நீங்க, கூட இருந்த எதிர்ப்பாளர் விளாதிமிர் புகோவ்ஸ்கியோட சேர்ந்து, மனநலப் பரிசோதனை பண்ற டாக்டர்கிட்ட எப்படிப் பேசணும், எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லணும்னு மாட்டிக்கப் போறவங்களுக்காக ஒரு கையேடு எழுதி ரகசியமா வெளிய அனுப்பினீங்க. உங்க வயசுல எங்க ஊர்ல எல்லாரும் பிஜி சீட்டு பத்திதான் யோசிப்போம்.

இது ஏதோ தூர தேசத்துக் கதைன்னு நினைக்கிறவங்களுக்கு எங்க ஓபில நடந்த ஒண்ணைச் சொல்றேன். ஒரு பெரியவரை நாலஞ்சு பேர் கார்ல கூட்டிட்டு வந்தாங்க, சொந்தக்காரங்கன்னாங்க. என்ன பிரச்சனைன்னு கேட்டா, "சார் இவருக்கு முத்திப்போச்சு, வாராவாரம் திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் போயி மனு கொடுக்குறாரு, ஆர்டிஐ போடுறாரு, சொன்னா கேக்க மாட்டேங்குறாரு, அட்மிட் பண்ணிடுங்க"ன்றாங்க. ஏரி ஆக்கிரமிப்பு விஷயமா மனு. கையில ஒரு மஞ்சப்பை, உள்ள மனுவோட ரசீது எல்லாம் தேதிவாரியா நூல் போட்டுக் கட்டி வச்சிருந்தார். எங்க டூட்டி டாக்டர் மத்தவங்களை வெளிய உக்காரச் சொல்லிட்டு ஒரு மணி நேரம் தனியா பேசினார், தூக்கம், சாப்பாடு, பயம், சந்தேகம் எல்லாம் கேட்டார். கடைசில சீட்டுல எழுதினது, மனநோய் எதுவும் இல்ல, அட்மிஷன் தேவையில்ல. வெளிய இருந்தவங்க சத்தம் போட்டாங்க, யாருக்கோ போன் போட்டுக் கொடுத்தாங்க, அவர் மாத்தல. பேர் போட வேண்டாம்னுட்டார், அதனால பேர் இல்லாமலே, டாக்டர் உங்களுக்கும் நன்றி.

அன்னைக்கு அவர் கையில இருந்த பலம் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 3. அரசியல் நிலையை வச்சோ, ஊர்ல நடைமுறையில இருக்கிற அரசியல், சமூக, மத நம்பிக்கைக்கு ஒத்துப்போகலன்னோ ஒருத்தருக்கு மனநோய்னு முடிவு பண்ணக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. கிட்டத்தட்ட இதே வாசகத்தை 1991லயே ஐநா பொதுச்சபை மனநோயாளிகள் பாதுகாப்புக் கோட்பாடுகள்ல ஏத்துக்கிச்சு. ஐநாவுல அப்படி ஒண்ணு வர்றதுக்கு உங்க அத்தனை பேர் போராட்டமும் ஒரு முக்கியக் காரணம்னு நான் நம்புறேன்.

கொர்யாகின் டாக்டரை விட்டுட முடியாது. கார்கிவ்ல வேலை பார்த்த மனநல டாக்டர், எதிர்ப்பாளர்களும் மறுபடி உள்ள போடுவாங்களோன்னு பயந்தவங்களுமா ஐம்பதுக்கு மேற்பட்டவங்களைப் பரிசோதிச்சு, அடைச்சு வச்சதுக்கு மருத்துவக் காரணமே இல்லன்னு எழுதினார். அவர் கட்டுரை 1981ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்தப்போ அவர் ஏற்கெனவே உள்ள இருந்தார், 1987லதான் விட்டாங்க. மாஸ்கோ ஆம்புலன்ஸ்ல வேலை பார்த்த பொத்ரபினெக் இப்படி அடைச்சு வச்ச 200க்கு மேற்பட்டவங்க விவரத்தைச் சேகரிச்சார். நாட்டை விட்டுப் போயிடு இல்லன்னா ஜெயில், தம்பி அண்ணன் ரெண்டு பேருக்கும்னு மிரட்டினப்போ போக மாட்டேன்னு சொல்லி, தண்டனையா சைபீரியா போனார்.

கணக்கு வாத்தியார்களுக்கும் பெரிய நன்றி இருக்கு. கியவ் கணிதவியலாளர் லியோனிட் ப்ளூஷ்ச்சை த்னிப்ரோபெத்ரோவ்ஸ்க் ஆஸ்பத்திரில ஹாலோபெரிடால்ங்கிற மனநோய் மருந்தைப் போட்டுப் போட்டு முடக்கினாங்க. முதல்ல அரசியல்ல ஆர்வம் போச்சு, அப்புறம் கணக்குல, கடைசில பொண்டாட்டி பிள்ளைங்க மேலயேன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். ஹாலோபெரிடால் எங்க ஃபார்மஸிலயும் இருக்கு, தேவைப்படுறவங்களுக்கு நல்ல மருந்து, அதான் படிக்கும்போது வயிறு எரிஞ்சுது. அவர் மனைவி தத்யானா விடல. பிரான்ஸ்ல ஆன்றி கார்தான், லோரான் ஷ்வார்ட்ஸ் மாதிரி உலகப் பேர் பெத்த கணித மேதைங்க கமிட்டி போட்டு, 1975 அக்டோபர்ல பாரிஸ்ல பெரிய கூட்டம் நடத்தி, கடைசில பிரெஞ்சு கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையே அவரை விடுங்கன்னு எழுதுற நிலை வந்துச்சு. 1976 ஜனவரில குடும்பத்தோட வெளிய வந்துட்டார்.

உலக மனநல மருத்துவர் சங்கம் 1971ல மெக்ஸிகோவுல புகோவ்ஸ்கி அனுப்பின ஆவணங்களைக் கண்டுக்கவே இல்ல. 1977ல ஹோனலூலுவுலதான் சோவியத் செயலைக் கண்டிச்சாங்க, ஓட்டு 90க்கு 88. ரெண்டே ஓட்டு! கண்டனத்துக்கு ஆதரவா ஓட்டுப் போட்ட அத்தனை பேருக்கும் தனித்தனியா கடுதாசி போடலாம்னு இருக்கு.

இன்னமும் முடியல. 2016ல, ரஷ்யா பிடிச்சு வச்சிருக்கிற கிரிமியாவுல, தாத்தார் தலைவர் இல்மி உமெரோவை, கிரிமியா உக்ரைனுக்குச் சொந்தம்னு பேசினதுக்காக, சிம்ஃபெரோபோல் மனநல ஆஸ்பத்திரில மூணு வாரம் வச்சிருந்தாங்க, கிரிகொரென்கோ யாருக்காகக் குரல் கொடுத்தாரோ அதே மக்கள். அப்பவும் வக்கீல்களும் குடும்பமும் வெளிய நின்னு சத்தம் போட்டதாலதான் உலகத்துக்குத் தெரிஞ்சுது.

ராத்திரி முழுக்க கார்பன் பேப்பர் வச்சு இந்த ரிப்போர்ட்டையெல்லாம் டைப் அடிச்சுக் கைமாத்திவிட்ட, பேரே பதிவாகாத பெண்கள் எத்தனையோ பேர். அவங்க அடிச்ச காப்பிங்க இல்லன்னா இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சிருக்காது. அவங்களுக்கும் நன்றி.

அன்போட,
ஒரு மனநல சமூகப் பணியாளர்